காலிக் கட்டம் எந்தப் பக்கம்? – டேட்டா கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் தில்லி வாசகர்களுடையவை. எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: டேட்டாவில் காலியாகக் கிடக்கும் கட்டங்கள், ஃபில்டர் போட்டதும் எங்கே போகின்றன? கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே அச்சிட்டிருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.கே. புரம் கண்காணிப்பு நிலையத்தின் நவம்பர் மாத பி.எம். 2.5 (காற்றிலுள்ள நுண்தூசி) அளவுகள் மணிவாரியாக என்னிடம் இருக்கின்றன. மொத்தம் 720 வரிகள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் சதுர அடைப்பு போட்டு 60க்கு மேல் உள்ளவற்றை எடுத்தால் 579 வரி வருகிறது. 60 வரை உள்ளவற்றை எடுத்தால் 189. கூட்டினால் 768! பக்கத்து சீட்காரர் ஆரின் துணைத்தொகுப்பான டிபிளையர் பேக்கேஜின் ஃபில்டரில் போட்டால் 531, 141. கூட்டினால் 672. யார் கணக்கும் 720க்கு வரவில்லையே?
– அரசு ஊழியர், ஆர்.கே. புரம்

பதில்: உங்கள் கணக்கில் 48 கூடுதல், அவர் கணக்கில் 48 குறைவு. அந்த மாதத்தில் 48 மணி நேரத்துக்கு அளவே பதிவாகவில்லை என்று அர்த்தம்.

ஆர் மொழியில் காலிக் கட்டத்துக்குப் பெயர் என்ஏ. ‘என்ஏ 60ஐ விடப் பெரிதா?’ என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. மறுபடி என்ஏ என்றே வரும். அளவே தெரியாதபோது அது 60ஐத் தாண்டியதா என்பது மட்டும் எப்படித் தெரியும்? ஆகவே உங்கள் நிபந்தனை 720 வரிகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது: ட்ரூ (ஆம்) 531, ஃபால்ஸ் (இல்லை) 141, என்ஏ 48. இந்த மூன்றாவது கூட்டத்தை நடத்தும் விதத்தில்தான் சதுர அடைப்பும் ஃபில்டரும் வேறுபடுகின்றன.

அளவு[அளவு$பிஎம் > 60, ] என்று எழுதினால் (‘அளவு’ உங்கள் டேபிள், ‘பிஎம்’ அதன் நெடுவரிசை), நிபந்தனை என்ஏ ஆகும் ஒவ்வொரு இடத்துக்கும் சதுர அடைப்பு ஒரு வரியைத் தருகிறது. அது உங்கள் பழைய வரி அல்ல. ‘எந்த வரி?’ என்பதற்கு ‘தெரியாது’ என்று சொன்னதால், தெரியாத ஒரு வரியைப் புதிதாக உண்டாக்கித் தருகிறது. திரையில் பாருங்கள்: இடது ஓரத்தில் வரி எண்ணுக்குப் பதிலாக என்ஏ, என்ஏ.1, என்ஏ.2 என்று இருக்கும். தேதி, மணி, நிலையத்தின் பெயர் உட்பட எல்லாக் கட்டத்திலும் என்ஏ. மூல டேட்டாவில் தேதி ஒழுங்காக இருந்தும் இங்கே அழிந்துபோகும். அதனால் எந்த மணிக்குக் கருவி நின்றது என்பதைக்கூட இந்த 48 வரிகளிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் இதே 48 ஒட்டிக்கொண்டதால்தான் 768.

டிபிளையரின் ஃபில்டரும், ஆர் மொழியிலேயே உள்ள சப்செட்டும், டேட்டா.டேபிள் பேக்கேஜும் என்ஏவை ஃபால்ஸ் போலவே தள்ளிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. உங்கள் முறையில் பிழை கண்ணை உறுத்துகிறது, அவருடையதில் ஓசையில்லாமல் நடக்கிறது. எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

எந்த ஃபில்டருக்கும் முன்னால் ஒரே ஒரு வரி ஓட்டிப் பாருங்கள்: டேபிள்(அளவு$பிஎம் > 60, யூஸ்என்ஏ = "ஆல்வேஸ்"). 141, 531, 48 என்று மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். கூட்டினால் 720 வரவேண்டும். பிறகு காலியை வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்து, அளவு$பிஎம் > 60 & !இஸ்.என்ஏ(அளவு$பிஎம்) என்று எழுதுங்கள். ஃபில்டரில் இது தேவையில்லாத வால்போலத் தெரியும். ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு, காலி வரிகளைத் தெரிந்தேதான் விட்டீர்கள் என்பது புரியும்.

சதுர அடைப்பை விட்டுவிட மனமில்லை என்றால் நிபந்தனையை விச்() என்பதற்குள் வையுங்கள். அது ட்ரூ ஆன வரிகளின் எண்களை மட்டும் தரும். ஆனால் வரிகளை நீக்குவதற்கு மைனஸ் விச் போடாதீர்கள். ஆகஸ்ட் மழையில் 500ஐத் தாண்டிய மணியே இல்லாத டேட்டாவில் அளவு[-விச்(அளவு$பிஎம் > 500), ] என்று எழுதினால், நீக்க எதுவும் இல்லாததால் எல்லா வரியும் மிஞ்ச வேண்டும்தானே? ஒரு வரிகூட மிஞ்சாது. விச் தருவது வெற்றுப் பட்டியல். அதற்கு முன் மைனஸ் போட்டாலும் வெற்றுப் பட்டியலே. வெற்றுப் பட்டியலைக் கொடுத்து வரிகளைக் கேட்டால் பூஜ்யம் வரிதான் வரும்.

இதே நிபந்தனையை வைத்து ஒரு நெடுவரிசையில் ‘மோசம்’ என்று எழுதப் போனால், அளவு[அளவு$பிஎம் > 60, "தரம்"] என்ற வடிவம் ‘மிஸ்ஸிங் வேல்யூஸ் ஆர் நாட் அலவ்ட்’ என்று ஆரம்பிக்கும் பிழையைக் காட்டி நின்றுவிடும். அங்கேயும் விச் போட்டால் வேலை நடக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 60 மைக்ரோகிராம் என்பது 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலையில் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்த வரம்பு. ஒரு மணி நேர அளவை அதோடு ஒப்பிட்டு ‘531 முறை வரம்பு மீறியது’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ‘பிஎம் == என்ஏ’ என்று போட்டால் ஒரு வரியும் வரவில்லை. காலி இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே!
– கல்லூரி மாணவி, முனிர்கா

பதில்: தெரியாத ஒன்று, தெரியாத இன்னொன்றுக்குச் சமமா? அதுவும் தெரியாது. என்ஏ == என்ஏ என்பதன் விடையே என்ஏதான். இஸ்.என்ஏ(பிஎம்) என்று கேளுங்கள். டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் இஸ் நல் (காலிக்கு அங்கே நல் என்று பெயர்), பைத்தானின் பாண்டாஸ் பேக்கேஜில் இஸ்னா().

கேள்வி: மயூர் விஹாரில் 240 வீடுகளில் சர்வே எடுத்தோம். வீட்டில் பேசும் மொழி தமிழ் என்று 150 பேர், வேறு மொழி என்று 60 பேர், பதில் எழுதாதவர்கள் 30 பேர். ‘மொழி != தமிழ்’ என்று ஆர் ஃபில்டரில் போட்டால் 60 வருகிறது. என் தோழி பைத்தானில் பாண்டாஸ் வைத்து அதே நிபந்தனையைப் போட்டால் 90 வருகிறது. எது சரி?
– ஆய்வு மாணவி, மயூர் விஹார்

பதில்: இரண்டும் அதனதன் விதிப்படி சரி. ஒரே நிபந்தனையை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போனால் விடை மாறும் இடங்களில் இதுதான் மிக மோசமானது. பிழைச் செய்தி வராது, இரண்டு எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும்.

ஆர் மொழியில் என்ஏ != "தமிழ்" என்பது என்ஏ. ஃபில்டர் அதைத் தள்ளிவிடும். பாண்டாஸில் காலிக் கட்டம் வழக்கமாக என்ஏஎன் என்ற மதிப்பாக உட்கார்ந்திருக்கும். மிதவைப்புள்ளி (தசம) எண்களுக்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலையிலிருந்து வந்தது அது. அதன் விதி, என்ஏஎன் எதற்கும் சமமில்லை, தனக்கே கூடச் சமமில்லை. ஆகவே ‘சமமில்லையா?’ என்று கேட்டால் ஆம் என்றே சொல்லும். பதில் எழுதாத 30 பேரும் ‘தமிழ் அல்லாதவர்’ பட்டியலில் ஏறியது இப்படித்தான். பெரிது, சிறிது, சமம் என்று கேட்டால் என்ஏஎன் ஃபால்ஸ் சொல்லி வெளியேறிவிடும். சமமில்லை என்று கேட்கும்போது மட்டும் உள்ளே வந்துவிடும். நீங்களும் தோழியும் ‘== தமிழ்’ என்று எடுத்தபோது 150, 150 என்று ஒத்துப்போனதும் இதனால்தான்.

பாண்டாஸ் 1.0இல், 2020 தொடக்கத்தில், பிடி.என்ஏ என்ற தனி மதிப்பும் வந்தது. அதைப் பயன்படுத்தும் டேட்டா வகைகளில் ஒப்பீட்டின் விடை ஆர் போலவே என்ஏ ஆகும், வரிகளை எடுக்கும்போது தள்ளப்படும். ஆக, பாண்டாஸுக்குள்ளேயே நெடுவரிசையின் வகையைப் பொறுத்து 60 அல்லது 90 வரலாம். தோழியை டிடைப்ஸ் போட்டு நெடுவரிசையின் வகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எது வேண்டும் என்பதை ஆய்வுக் கேள்விதான் சொல்ல வேண்டும். ‘வேறு மொழி பேசுவதாகச் சொன்னவர்கள்’ என்றால் 60. பாண்டாஸில் அதற்கு நிபந்தனையோடு & நாட்னா() சேர்க்க வேண்டும். ‘தமிழ் என்று சொல்லாதவர்கள்’ என்றால் 90. ஆர் மொழியில் அதற்கு இஸ்.என்ஏ(மொழி) | மொழி != "தமிழ்" என்று எழுதலாம், அல்லது சுருக்கமாக !(மொழி %இன்% "தமிழ்"). %இன்% குறிக்கு என்ஏ என்ற விடையே கிடையாது. பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே சொல்லும்.

சதவீதம் போடும்போது கீழ் எண்ணையும் கவனியுங்கள். பதில் சொன்ன 210 பேரில் 60 என்றால் 28.6 சதவீதம். 240இல் 60 என்றால் 25. காலியையும் சேர்த்து 240இல் 90 என்றால் 37.5. மூன்றில் எதைப் போட்டாலும் அட்டவணைக்குக் கீழே ‘பதிலில்லை: 30’ என்று ஒரு வரி வேண்டும்.

கேள்வி: எஸ்க்யூஎல்லில் நீக்க வேண்டிய வாடிக்கையாளர் எண்களை இன்னொரு டேபிளிலிருந்து எடுத்து ‘நாட் இன்’ போட்டேன். நேற்றுவரை ஓடிய க்வெரி இன்று பூஜ்யம் வரி தருகிறது.
– ஐ.டி. ஊழியர், துவாரகா

பதில்: அந்த இன்னொரு டேபிளில் நேற்று இரவு ஒரு நல் நுழைந்திருக்கும். 5 நாட் இன் (1, 2, நல்) என்றால் ‘5, 1 அல்ல, 2 அல்ல, நல்லும் அல்ல’ என்று மூன்றும் சேர்ந்து உண்மையாக வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை தெரியாது. ஆகவே மொத்தமும் தெரியாது. க்வெரியின் ‘வேர்’ நிபந்தனை உண்மையானதை மட்டுமே விடும். ஒரே ஒரு நல் போதும், அத்தனை வரியும் போய்விடும். உள் க்வெரியில் ‘இஸ் நாட் நல்’ சேருங்கள், அல்லது ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ஆக மாற்றி எழுதுங்கள். இதே வேலையைச் செய்யும் டிபிளையரின் ஆன்டி_ஜாயினுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது என்ஏவை என்ஏவோடு ஜோடி சேர்த்துவிடும், எஸ்க்யூஎல் சேர்க்காது. இரண்டிலும் ஓட்டிப் பார்த்து ஒப்பிடுபவர்கள் அங்கே குழம்புவார்கள்.

கேள்வி: ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்தேன். சராசரி, விகிதம் எல்லாம் சரியாக இருப்பதுபோல இருக்கிறது, ஆனால் முதியோர் எண்ணிக்கை மட்டும் கைடு எடுத்ததைவிட அதிகம். அவர் பயன்படுத்துவது ஆர்.
– ஆராய்ச்சியாளர், கரோல் பாக்

பதில்: வயது எழுதாதவர்கள் எல்லாரையும் ஸ்டேட்டா முதியோராக்கிவிட்டது. அதில் காலி என்பது எந்த எண்ணையும் விடப் பெரியது. கீப் இஃப் வயது > 60 என்றால் காலியும் உள்ளே வரும். கீப் இஃப் வயது > 60 & !மிஸ்ஸிங்(வயது) என்று எழுதுங்கள். பழைய கைகள் & வயது < . என்று எழுதுவார்கள், அதுவும் சரி. ஆனால் & வயது != . என்று எழுதினால் ஓட்டை இருக்கிறது. ஸ்டேட்டாவில் வெறும் புள்ளியோடு .ஏ முதல் .இசட் வரை இன்னும் 26 காலிக் குறிகள் உண்டு. ‘மறுத்தார்’ என்பதற்கு .ஏ வைத்திருந்தால் அது தப்பி உள்ளே வந்துவிடும்.

இன்னொரு புள்ளியியல் மென்பொருளான சாஸ் இதற்கு நேர் எதிர். அங்கே காலி எந்த எண்ணையும் விடச் சிறியது. ‘வருமானம் < 5000’ என்று கேட்டால் வருமானம் சொல்லாதவர் எல்லாம் ஏழைகளாக வந்து நிற்பார்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் ‘செலக்ட் இஃப்’ கட்டளை, ஆர் மொழியின் ஃபில்டர் மாதிரி, தெரியாததைத் தள்ளிவிடும். கைடு ஆர், நீங்கள் ஸ்டேட்டா என்றால் கட்டளைகள் எழுதிய டூ ஃபைலோடு காலி எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி ஃபைலில் காலி இருக்கும் இடத்தில் ‘நன்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறது. 60க்கு மேல் என்று ஃபில்டர் போட்டால் 9, 8 எல்லாம் வருகிறது, 100, 250 வரவில்லை! சில வரிகளில் 999 வேறு. அதையும் காலி ஆக்கிவிடலாமா?
– பத்திரிகையாளர், லக்ஷ்மி நகர்

பதில்: ஒரே ஒரு ‘நன்’ போதும், அந்த நெடுவரிசை முழுவதும் எழுத்தாகப் படிக்கப்பட்டுவிடும். எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் ஆர் அந்த எண்ணையும் எழுத்தாக்கி அகராதி வரிசையில் ஒப்பிடும். "9" என்பது "60"க்குப் பின்னால் வரும், ஆகவே பெரிது. "100" ஒன்றில் தொடங்குவதால் சிறிது. வேடிக்கை என்னவென்றால் ‘நன்’ என்ற சொல்லே 60ஐ விடப் பெரிதாகி ஃபில்டரைத் தாண்டிவிடும். எழுத்துகள் இலக்கங்களுக்குப் பிறகுதானே.

ஃபைலைப் படிக்கும்போதே என்ஏ.ஸ்டிரிங்ஸ் என்ற இடத்தில் "என்ஏ", "நன்", வெற்று மேற்கோள், கோடு என்று எதெல்லாம் காலியைக் குறிக்கிறதோ அத்தனையும் கொடுங்கள். ரீட்ஆர் பேக்கேஜில் இதற்கு வெறும் என்ஏ = என்று பெயர். ஏற்கெனவே படித்துவிட்டீர்களானால் ஆஸ்.நியூமெரிக் போட்டு மாற்றலாம். ‘என்ஏஸ் இன்ட்ரொட்யூஸ்ட் பை கோயர்ஷன்’ என்று எச்சரிக்கை வரும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் காலிகளை எண்ணி, புதிதாகக் காலியான கட்டங்களில் முன்பு என்ன இருந்தது என்று யூனிக் போட்டுப் பாருங்கள். சில சமயம் "1,020" என்று கமாவோடு இருந்த உண்மையான அளவும் காலியாகியிருக்கும். ஆர் 4.0க்கு, அதாவது 2020க்கு, முந்திய பதிப்பு என்றால் இன்னொரு கண்ணி: எழுத்து நெடுவரிசை தானாகவே ஃபேக்டர் (வகைப் பட்டியல்) ஆகிவிடும், அதை ஆஸ்.நியூமெரிக் செய்தால் அளவு வராது, 1, 2, 3 என்று வகை எண்தான் வரும்.

999க்கு வருவோம். கண்ணை மூடிக்கொண்டு காலி ஆக்காதீர்கள். சர்வேக்களில் 99, 999 எல்லாம் பதிலின்மையின் குறியீடு. தேசியக் குடும்ப நல ஆய்வின் டேட்டாவில் உயரம் 9994, 9995, 9996 என்றிருந்தால் முறையே ஆள் இல்லை, மறுத்தார், பிற காரணம். அங்கே 145 செ.மீ. என்பது 1450 என்று பதிவாவதால், ‘1450க்கு மேல்’ என்று ஃபில்டர் போட்டால் அளக்கவே அளக்காதவர்களும் உயரமானவர்களாகிவிடுவார்கள். அவற்றை முதலில் காலி ஆக்கத்தான் வேண்டும். ஆனால் தில்லிக் காற்று வேறு கதை. தீபாவளி இரவில் கருவியின் மேல் எல்லை 1000ஐ ஒட்டியே முடிந்துவிடுவதால், 999 என்பது ‘இதற்கு மேல் என்னால் அளக்க முடியாது’ என்ற பதிவாகவும் இருக்கலாம். அதைக் காலி ஆக்கினால் மாதத்தின் மிக மோசமான மணிகளையே அழித்தவராவீர்கள். பக்கத்து மணிகளைப் பாருங்கள். 780, 910, 999, 999, 870 என்றால் அது அளவு. 85, 90, 999, 88 என்றால் சந்தேகம். என்ஏ.ஸ்டிரிங்ஸில் 999ஐக் கொடுத்தால் எல்லா நெடுவரிசைக்கும் பாயும் என்பதால், தேவைப்படும் நெடுவரிசையில் மட்டும் என்ஏ_இஃப் போட்டுக் காலி ஆக்குவதே பாதுகாப்பு.

கேள்வி: இவ்வளவு தலைவலி எதற்கு? ஆரம்பத்திலேயே என்ஏ.ஒமிட் போட்டுவிட்டால்?
– வாசகர், ஜனக்புரி

பதில்: என்ஏ.ஒமிட் எந்த ஒரு நெடுவரிசையில் காலி இருந்தாலும் அந்த வரியையே தூக்கிவிடும். காற்றுத்தர ஃபைல்களில் பென்சீன், டொலுவீன் என்று நெடுவரிசைகள் இருக்கும். ஒரு நிலையத்தில் பென்சீன் கருவியே இல்லையென்றால் அந்த நெடுவரிசை முழுக்கக் காலி. என்ஏ.ஒமிட் போட்டால் மிஞ்சுவது பூஜ்யம் வரி. டிராப்_என்ஏ(பிஎம்) என்று நெடுவரிசையைப் பெயர் சொல்லி நீக்குங்கள்.

அதுவும்கூட எப்போதும் வேண்டியதில்லை. ‘பி.எம். 2.5 60க்கு மேல் அல்லது பி.எம். 10 100க்கு மேல்’ என்று கேட்கிறீர்கள். 2.5 காலி, 10 மட்டும் 180 என்று ஒரு வரி. ட்ரூ | என்ஏ என்பது ட்ரூ. முதல் பாதி என்னவாக இருந்தாலும் விடை மாறாது என்பதால் ஆர் தெளிவாகவே ஆம் என்கிறது. முன்கூட்டியே என்ஏ.ஒமிட் போட்டிருந்தால் விடை தெரிந்த அந்த வரியையும் இழந்திருப்பீர்கள். இதேபோல ஃபால்ஸ் & என்ஏ என்பது ஃபால்ஸ்.

நாள் சராசரி எடுப்பவர்களுக்கு எத்தனை மணி காலி என்பது முக்கியம். தேசியக் காற்றுத்தரக் குறியீட்டின் கணக்கில் ஒரு நாளுக்குக் குறைந்தது 16 மணி நேர டேட்டா இருக்க வேண்டும். ஆகவே தேதிவாரியாக குரூப்_பை செய்து, சம்(!இஸ்.என்ஏ(பிஎம்)) என்று இருக்கும் மணிகளை எண்ணி, அது 16க்குக் குறையாத நாட்களை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள். என்() போட்டு எண்ணாதீர்கள், அது காலி வரியையும் எண்ணும். சில ஃபைல்களில் கருவி நின்ற மணிக்கு வரியே இருக்காது. இஸ்.என்ஏ அதைக் கண்டுபிடிக்காது. 30 நாள் மாதத்துக்கு 720 வரி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, குறைந்தால் டைடிஆர் பேக்கேஜின் கம்ப்ளீட் போட்டு விடுபட்ட மணிகளைக் காலி வரியாக உண்டாக்குங்கள்.

நாள் முழுவதும் காலி என்றால் என்ஏ.ஆர்எம் = ட்ரூ (காலியை விட்டுவிடு) போட்ட ‘மீன்’ (சராசரி) என்ஏஎன் தரும், மேக்ஸ் (உச்ச அளவு) ஒரு எச்சரிக்கையோடு மைனஸ் இன்ஃபினிட்டி தரும், சம் (கூட்டுத்தொகை) 0 தரும். கடைசிதான் ஆபத்து. மழைமானி வேலை செய்யாத நாள், சுத்தமாக மழையில்லாத நாளாகிவிடும். ‘மழை == 0’ என்ற ஃபில்டர் அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: எக்ஸலிலும் இப்படி உண்டா?
– கணக்காளர், சாந்தினி சௌக்

பதில்: உண்டு, அதுவும் ஒரே ஷீட்டுக்குள் இரண்டு விதமாக. =ஏ2<60 என்று ஃபார்முலா போட்டால் காலிக் கட்டம் 0 ஆகக் கணக்கிடப்பட்டு ட்ரூ வரும். அதே நெடுவரிசையில் கவுன்ட்இஃப்புக்கு "<60" கொடுத்தால் காலியை எண்ணாது. "<>60" கொடுத்தால் காலியையும் சேர்த்து எண்ணும். ஃபார்முலாவை =அண்ட்(இஸ்நம்பர்(ஏ2),ஏ2<60) என்று மாற்றி எழுதினால் கவுன்ட்இஃப் எண்ணிக்கையோடு ஒத்துப்போகும். ‘நன்’ போன்ற எழுத்து கலந்த கட்டங்களையும் இஸ்நம்பர் வெளியே நிறுத்திவிடும்.